டிராக்டர் பின் டயரில் தண்ணீர் ஏற்றுவது: வழுக்கலை அளப்பதிலிருந்து வடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

கோடை மழைக்கு அப்புறம் செம்மண் காட்டில் சட்டிக்கலப்பையை (வட்டத் தட்டுகள் உள்ள கலப்பை) இறக்கினால் சில வண்டிகள் இழுக்கும், சில வண்டிகள் நின்ற இடத்திலேயே மண்ணைப் பறிக்கும். இன்ஜினில் பலம் இருந்தும் பின் சக்கரத்தின் மேல் பாரம் போதாததே பெரும்பாலும் காரணம். அந்தப் பாரத்தைக் குறைந்த செலவில் கூட்டும் வழி, டயருக்குள் தண்ணீர் ஏற்றுவது. ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ, இரும்பு வெயிட் வாங்கும் காசும் மிச்சம்.

வேலை கடினமானது இல்லை. ஆனால் வரிசை மாறினால் டியூப் போகும், கை கால் போகவும் வாய்ப்பு உண்டு. நம் கொங்குப் பக்கம் அதிகம் ஓடும் 35 முதல் 50 எச்.பி. வரையிலான, முன் சக்கரம் இழுக்காத, டியூப் போட்ட சாதாரண டயர் வண்டிகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

1. முதலில் வழுக்கலை அளந்து பாருங்கள்

"பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏற்றினார், நானும் ஏற்றுகிறேன்" என்று தொடங்குகிறவர்கள்தான் அதிகம். உங்கள் வண்டி எவ்வளவு வழுக்குகிறது என்று தெரியாமல் எவ்வளவு பாரம் வேண்டும் என்று சொல்லவே முடியாது. அளப்பதற்கு ஒரு டேப்பும் கூட ஓர் ஆளும் போதும்.

பின் டயரின் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். உழப்போகும் அதே காட்டில், கலப்பையைத் தூக்கிய நிலையில் வண்டியை ஓட்டச் சொல்லி, கோடு 10 சுற்று சுற்றியதும் எவ்வளவு தூரம் போனது என்று அளந்துகொள்ளுங்கள். அடுத்து அதே கியரில், கலப்பையை வழக்கமான ஆழத்துக்கு இறக்கி இன்னொரு 10 சுற்று. 13.6-28 அளவு டயருக்கு முதல் தூரம் சுமார் 39 மீட்டர் வரும். இரண்டாவது தூரம் 31 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 8 மீட்டர். 8ஐ 39ஆல் வகுத்தால் வழுக்கல் ஏறத்தாழ 20 சதவீதம். அதாவது ஐந்து சுற்றுக்கு ஒரு சுற்று டீசல் வீண்.

10 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் இருப்பது நல்லது. சுத்தமாக வழுக்காத வண்டி தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கனத்தைச் சுமந்து உருட்டவும் டீசல் செலவாகும், கியர்பாக்ஸும் அச்சும் சேர்த்து வாங்கிக்கொள்ளும்.

டேப் இல்லையென்றால் டயர் தடத்தைக் குனிந்து பாருங்கள். பட்டன் (டயரின் மேல் புடைத்திருக்கும் ரப்பர் கட்டைகள்) அச்சு அச்சாகத் தெளிவாகப் பதிந்திருந்தால் பாரம் அதிகம். அச்சே தெரியாமல் மண் வழித்துப் போட்டது மாதிரி இருந்தால் பாரம் குறைவு. தடத்தின் ஓரத்தில் பட்டன் அச்சு தெரிந்து, நடுவில் மண் உடைந்து நகர்ந்திருந்தால் சரியாக இருக்கிறது.

வழுக்கல் அதிகம் என்று தெரிந்தாலும் உடனே தண்ணீருக்குப் போகாதீர்கள். முதலில் காற்றைப் பாருங்கள். லோடு அடித்த வண்டி 20 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்தத்தின் அளவு) மேல் காற்றோடு நேராகக் காட்டுக்குள் வந்து நிற்கும். அதை உழவுக்கான அளவுக்கு, பெரும்பாலும் 12 முதல் 14 வரை, குறைத்தாலே டயர் அகலமாக மண்ணைப் பிடிக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவே இறுதி. பட்டன் தேய்ந்து வழவழப்பாகிவிட்ட டயருக்குத் தண்ணீர் மருந்து ஆகாது, புது டயர்தான் வேண்டும்.

2. எந்த வேலைக்கு ஏற்றலாம், எதற்கு வேண்டாம்

சட்டிக்கலப்பை, வளைப்பலகைக் கலப்பை, ஆழமாக இறக்கிய ஒன்பது கொத்துக் கலப்பை ஆகிய மூன்றும் வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். தண்ணீர் பலன் தருவது இங்கேதான். காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் சரளை கலந்த செம்மண் மேட்டுக்காட்டில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ரொட்டவேட்டருக்குத் தேவையே இல்லை. அதன் கத்திகள் சுற்றும் வேகமே வண்டியை முன்னால் தள்ளும். வருடம் முழுக்க ரொட்டவேட்டர் மட்டும் ஓட்டுகிறவர் தண்ணீர் ஏற்றுவது சும்மா பாரம் சுமப்பதுதான்.

சேற்றுழவுக்குக் கூடவே கூடாது. கோபி பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்திலும் காலிங்கராயன் பாசனத்திலும் நெல் வயலில் இறங்கும் வண்டி, கூடுதல் பாரத்தால் புதையும். அங்கே கேஜ் வீல் எனும் இரும்புச் சக்கரம்தான் வழி. ஈரமான கரிசலிலும் யோசிக்க வேண்டும். பாரம் கூடக் கூட மண் இறுகும். அடுத்து மஞ்சளோ மரவள்ளியோ வைக்கப்போகிற நிலத்தில் அந்த இறுக்கம் கிழங்கு பெருக்கும்போதுதான் தெரியும்.

கரும்பு லோடு, செங்கல் லோடு என்று ரோட்டிலேயே ஓடும் வண்டிக்கும் வேண்டாம். பாரம் கூடினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும், ஓட்டமும் குலுக்கும்.

3. டயரைப் படித்துக்கொள்ளுங்கள்

டயரின் பக்கத்தில் 13.6-28 என்பது போல எழுதியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். முக்கால் பங்கு நிரப்பினால் ஒரு டயருக்குத் தோராயமாக இவ்வளவு பிடிக்கும்: 12.4-28க்கு 140 லிட்டர், 13.6-28க்கு 170, 14.9-28க்கு 215, 16.9-28க்கு 280. டயர் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 13.6-28 வண்டியில் 340 கிலோ ஏறிவிடும்.

முக்காலுக்கு மேல் போகவே கூடாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே கால் பங்கு காற்று இருந்தால்தான் கல்லில் ஏறி இறங்கும்போது அந்த அடியை அது வாங்கிக்கொள்ளும். முழுக்க நிரப்பிய டயரில் அடி நேராக டயர் நூலுக்கும் ரிம்முக்கும் போகும்.

முக்கால்தான் ஏற்ற வேண்டும் என்பதும் இல்லை. வழுக்கல் 17, 18 சதவீதம்தான் என்றால் முதலில் பாதி அளவு ஏற்றி ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம். கூட்டுவது சுலபம், ஏற்றியதை வடிப்பதுதான் நச்சு வேலை.

டயர் பக்கத்தில் வெடிப்பு ஓடியிருந்தாலோ, டியூபில் ஏற்கனவே ஒட்டு மேல் ஒட்டு இருந்தாலோ அதை மாற்றிய பிறகு ஏற்றுங்கள். ரேடியல் டயர் என்றால் மேலே சொன்ன அளவை எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் பக்கச்சுவர் வளைந்து கொடுத்துத்தான் வேலை செய்யும், அதிகத் தண்ணீர் அந்த வளைவைத் தடுக்கும். டயர் கம்பெனி சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

வேலையைத் தொடங்கிவிட்டு டவுனுக்கு ஓடினால் வண்டி ஜாக்கில் நின்றபடி கிடக்கும். அதனால் எல்லாவற்றையும் முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: வண்டியின் எடையைத் தாங்கும் பாட்டில் ஜாக், அதற்கு அடியில் வைக்கக் கெட்டியான பலகை, அச்சுக்கு முட்டுக் கொடுக்க மரக்கட்டைகள், சக்கரத்துக்கு அடை வைக்கக் கட்டையோ பெரிய கல்லோ, 200 லிட்டர் பேரல், ஹோஸ், வால்வுக்குள் இருக்கும் சின்னப் பின்னைக் கழற்றும் சாவி, காற்று அளக்கும் கேஜ், சோப்புத் தண்ணீர்.

இதில் ஒன்றைத் தேடி வாங்க வேண்டும். தண்ணீர் ஏற்றுவதற்கென்றே வால்வில் மாட்டும் ஒரு இணைப்பு உண்டு. ஹோஸ் ஒரு பக்கம் மாட்டும், உள்ளே இருக்கும் காற்று வெளியேற ஒரு சின்னத் துளையோ குழாயோ தனியாக இருக்கும். பெரிய டயர் கடைகளில் கேட்டால் கிடைக்கும். இது இல்லாமலும் ஏற்றலாம், நேரம் அதிகம் ஆகும்.

வால்வையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிராக்டர் பின் டியூபில் பெரும்பாலும் டி.ஆர். 218 ஏ என்ற வகை இருக்கும். காற்றுக்கும் தண்ணீருக்கும் சேர்த்தே செய்தது அது. நடுவில் உள்ள சின்னப் பின்னை மட்டும் இல்லாமல், அதைத் தாங்கும் பித்தளைக் கூட்டையும் திருகிக் கழற்றலாம். அப்போது பெரிய துளை கிடைக்கும். பின்னை மட்டும் எடுத்துவிட்டு அந்தச் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் விட்டால் பொழுது போய்விடும்.

5. எந்தத் தண்ணீர்

மழைத் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், குடிக்கிற தண்ணீர் எல்லாம் சரி. உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம். நொய்யலில் ஒரத்துப்பாளையம் சுற்று வட்டாரக் கிணறுகள் போல உப்பேறிய இடங்களில் இருப்பவர்கள் இதற்கு மட்டும் வெளித் தண்ணீர் கொண்டு வருவது நல்லது. டியூப் ரப்பரை உப்பு உடனே ஒன்றும் செய்யாது. பித்தளை வால்வில் உப்புப் படிந்து, நடுவில் உள்ள பின் சரியாக உட்காராமல் போகும். டியூபில் ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் கசியும் உப்புத் தண்ணீர் ரிம்மைத் துருவாக்கிவிடும், டயரைக் கழற்றும் வரை அது கண்ணில் படாது.

வெளிநாட்டு வீடியோக்களில் கால்சியம் குளோரைடு கலப்பதைப் பார்த்துவிட்டு இங்கேயும் கேட்கிறார்கள். பனியில் தண்ணீர் உறையாமல் இருக்கத்தான் முக்கியமாக அதைக் கலப்பது. கொஞ்சம் எடையும் கூடும், இரும்பையும் அரிக்கும். கொங்குச் சமவெளியில் தண்ணீர் உறைவதில்லை, நமக்கு அது தேவையில்லை.

எந்தத் தண்ணீரானாலும் வேட்டித் துணியில் வடிகட்டிப் பேரலில் ஊற்றுங்கள். ஒரு சின்னப் பாசித் துணுக்கு வால்வில் சிக்கினால் போதும், காற்று நிற்காது.

6. வண்டியை நிறுத்தி ஜாக் வைப்பது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. முதலில் ஜாக் வைத்துத் தூக்கிவிட்டு, அப்புறம் வால்வு கீழே இருக்கிறதே என்று கியரை நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுவார்கள். ஜாக்கில் நிற்கும் வண்டியை நியூட்ரலில் போட்டு அசைப்பது உயிரோடு விளையாடுவது.

சரியான வரிசை இது. கலப்பையைக் கழற்றிவிட்டு, கெட்டியான சமதரையில் வண்டியை மெதுவாக நகர்த்தி, ஏற்றப்போகும் டயரின் வால்வு உச்சியில் வரும்படி நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, கியர் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுங்கள். முன் சக்கரம் இரண்டுக்கும், எதிர்ப்பக்கப் பின் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் அடை வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகே ஜாக்.

ஜாக்கைப் பின் அச்சின் உறைக்குக் கீழே, சக்கரத்தை ஒட்டி வையுங்கள். டயர் தரையை விட்டு விரல் அளவு எழும்பினால் போதும். உடனே அச்சுக்குக் கீழே மரக்கட்டையை அடுக்கி, வண்டி அதன் மேல் உட்காரும்படி செய்யுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஆயில் இறங்கினால் அதுவும் இறங்கும்.

டயரைத் தூக்காமலே ஏற்றினால் என்ன என்று கேட்பார்கள். காற்றை இறக்கியதும் வண்டியின் எடை முழுக்க ரிம் வழியாக டியூபின் மேல் உட்கார்ந்து அதை வெட்டிவிடும். நசுங்கிய டயரில் முக்கால் அளவும் பொய்யாகும்.

வால்வு ஏன் உச்சியில்? அது ரிம்மில் இருக்கிறது. உச்சியில் நிறுத்தினால் தண்ணீர் வால்வைத் தொடும் மட்டமே கிட்டத்தட்ட முக்கால் பங்கு. அளவுகோல் டயரிலேயே அமைந்திருக்கிறது.

7. காற்றை இறக்குவது

பின்னைச் சாவியால் மெதுவாகத் தளர்த்தி, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு காற்றை விடுங்கள். சத்தம் முழுக்க அடங்கிய பிறகே பித்தளைக் கூட்டைத் திருகி எடுங்கள். காற்று இருக்கும்போது கூட்டைத் திருகினால் அது குண்டு மாதிரி பறக்கும். கழற்றியதை மண்ணில் போடாமல் சுத்தமான துணியில் வையுங்கள்.

8. தண்ணீர் ஏற்றுவது

மோட்டார் இல்லாமல் மேலிருந்து இறக்குவதே பாதுகாப்பு. ஆனால் டிரெய்லர் மேல் பேரலை வைத்தால் போதும் என்று நினைத்து ஏமாறுவார்கள். டிரெய்லர் தளமும் உச்சியில் நிற்கும் வால்வும் ஏறத்தாழ ஒரே உயரம்தான், தரையிலிருந்து ஒரு மீட்டர் சொச்சம். பேரலில் தண்ணீர் குறையக் குறைய வேகம் செத்துவிடும். வால்வுக்கு மேலே இரண்டு மீட்டராவது உயரம் வேண்டும். மோட்டார் ரூம் மேல் இருக்கும் தண்ணீர் டேங்க் இதற்கு அருமையாக அமையும். ஒரு மீட்டர் உயரத்துக்கு 1.4 பி.எஸ்.ஐ. அழுத்தம் கிடைக்கும், காற்று வெளியேற வழி இருக்கும்வரை அது தாராளம்.

அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டார் வைத்தும் ஏற்றலாம். கேட் வால்வைப் பாதிக்கு மேல் மூடி, பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும். போர் மோட்டாரின் லைனை நேராக டயரில் மாட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பல நூறு அடி ஆழத்திலிருந்து தூக்கும் மோட்டாருக்கு முன்னால், காற்று போக வழியில்லாத டியூப் எம்மாத்திரம்?

எதில் ஏற்றினாலும் தண்ணீரை அளந்து ஏற்றுங்கள். மோட்டார் என்றால் பேரலுக்குள் பத்து லிட்டருக்கு ஒரு கோடு போட்டு வைத்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரியும். டேங்க் என்றால் அதில் அளந்து ஊற்றியதை மட்டும் இறக்குங்கள். இந்த எண்ணைச் சுவரிலோ நோட்டிலோ எழுதுங்கள், அடுத்த டயருக்கும் அதே எண் வேண்டும். ஒரு பக்கம் 170, மறுபக்கம் 140 என்றால் ஒரு சக்கரம் முன்னதாக வழுக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இணைப்பில் உள்ள காற்றுத் துளை உஸ் என்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதுவது நின்றால் தண்ணீரையும் நிறுத்திப் பாருங்கள், துளை அடைத்திருக்கலாம். துளையிலிருந்து சீராகத் தண்ணீர் வர ஆரம்பித்தால் மட்டம் வந்துவிட்டது. பாதி அளவிலேயே தண்ணீர் வந்தால் வால்வு உச்சியில் இல்லை என்று அர்த்தம்.

இணைப்பு கிடைக்காதவர்கள் ஹோஸை வால்வில் பிடித்து ஏற்றி, டயர் கெட்டியானதும் ஹோஸை எடுத்து உள்ளே அடைபட்ட காற்றை விட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் சீறி மேலே அடிக்கும். பொறுமை இருந்தால் முடியும்.

9. காற்று பிடிப்பது

வால்வு மரையைத் துணியால் துடைத்து, பித்தளைக் கூட்டையும் பின்னையும் மாட்டி இறுக்குங்கள். ரப்பர் வாஷர் பழையதாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

காற்றுக்கு இப்போது கால் பங்கு இடம்தான் மிச்சம். வழக்கமாக டயர் நிறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நாலில் ஒரு பங்குதான் ஆகும். இது தெரியாத ஆள் கம்ப்ரஸரை மாட்டிவிட்டுப் பேசிக்கொண்டு நின்றால் ஊசி கண்ணெதிரே தாண்டிப் போகும். கொஞ்சம் விடுங்கள், அளங்கள், மறுபடி கொஞ்சம். பிடிக்கும்போது டயரின் பக்கச்சுவருக்கு நேராக நிற்காமல், பட்டன் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள்.

கட்டைகளை எடுத்து வண்டியை இறக்கி, மறுபடி அளந்து, கையேட்டில் உள்ள உழவு அளவுக்குச் சரி செய்யுங்கள். வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் அடுத்த டயர், அதே வரிசை, முதல் படியிலிருந்து.

10. முன்பக்கத்தை மறக்காதீர்கள்

டயரில் ஏற்றிய தண்ணீர் பின் அச்சுக்கு நேராக உட்காருகிறது, அதனால் முன்பக்கத்தை அது தூக்காது. ஆனால் பிடிப்பு கூடியதும் வண்டி பலமாக இழுக்கும், இழுக்க இழுக்க முன்பக்கம் லேசாகும். சட்டிக்கலப்பையைத் தூக்கித் திரும்பும்போதும், பின்னால் தொங்கும் அதன் எடையால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும்.

அருகில் உள்ள எடைமேடையில் கலப்பையைத் தூக்கிய நிலையில் முழு வண்டியையும் ஒரு முறை, முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறை எடை போடுங்கள். முன் சக்கரத்தில் மொத்த எடையில் 20 சதவீதமாவது இருக்க வேண்டும். கலப்பையோடு மொத்தம் 2,700 கிலோ என்றால் முன்னால் 540. குறைந்தால் முன் பம்பரில் இரும்பு வெயிட் மாட்டுங்கள். முன் டயரில் தண்ணீர் ஏற்றுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை, ஸ்டியரிங் கனத்துப் போகும்.

11. ஏற்றிய பிறகு

முதல் நாளே அதே காட்டில், அதே கியரில், அதே ஆழத்தில் 10 சுற்றை மறுபடி அளங்கள். வழுக்கல் 10க்குக் கீழே போயிருந்தால் கொஞ்சம் வடித்துவிடுங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு.

காற்றை வாரம் ஒரு முறை பாருங்கள். காற்றுக்கு இடம் குறைவு என்பதால் சின்னக் கசிவும் அழுத்தத்தைச் சீக்கிரம் இறக்கும். எப்போதும் வால்வை உச்சிக்குக் கொண்டு வந்தே அளக்க வேண்டும். கீழே வைத்து அளந்தால் தண்ணீரின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், கேஜுக்குள் தண்ணீரும் புகுந்துவிடும்.

12. பஞ்சரும் வடிப்பதும்

பஞ்சர் ஆனால் கடைக்காரரிடம் முதல் வார்த்தையே "அண்ணா, உள்ளே தண்ணி இருக்குதுங்க" என்பதாக இருக்கட்டும். தண்ணீரோடு ஒரு சக்கரம் வழக்கத்தைவிட 170 கிலோ கூடுதல். தெரியாமல் நட்டைக் கழற்றி ஆள் பிடிக்கப் போனால், சாயும் சக்கரத்தை இரண்டு பேரால்கூட நிறுத்த முடியாது. வடிக்காமல் சக்கரத்தைக் கழற்றக் கூடாது. வண்டியை விற்கும்போதும், டிரைவர் மாறும்போதும் இதைச் சொல்லிவிடுங்கள். வால்வுக்குப் பக்கத்தில் ரிம்மில் "தண்ணீர்" என்று பெயிண்டில் எழுதி வைப்பது இன்னும் நல்லது.

வடிக்க, இந்த முறை வால்வு அடியில் வரும்படி வண்டியை நிறுத்தி, அதே போல அடை வைத்து, தூக்கி, முட்டுக் கொடுங்கள். பின்னைக் கழற்றும்போது தண்ணீர் அழுத்தத்தோடு சீறும், பக்கவாட்டில் நின்று கழற்றுங்கள். சீறல் அடங்கியதும் கூட்டை எடுத்தால் மிச்சம் தானாக இறங்கும். ஓட்டம் நின்றுபோனால் கம்ப்ரஸரால் கொஞ்சம் காற்று விட்டு மறுபடி திறங்கள், உள்ளிருக்கும் காற்று தண்ணீரை வெளியே தள்ளும். வால்வு மட்டத்துக்குக் கீழே டியூபின் அடியில் தங்கிவிடும் தண்ணீரை, வால்வு வழியாக ஒரு மெல்லிய குழாயை டியூபின் அடிவரை விட்டு, காற்றழுத்தத்திலேயே வெளியே எடுக்கலாம்.

கோடை உழவு முடிந்து வண்டி கரும்பு லோடுக்கோ சேற்றுழவுக்கோ போகிறதென்றால் அதற்கு முந்தின நாளே வடித்து, அந்த வேலைக்கான காற்று அளவுக்கு மாற்றிவிடுங்கள். வடித்த தண்ணீர் சுத்தமாக இருந்தால் அதே பேரலில் மூடி வைத்து, அடுத்த உழவுக்கு ஏற்றிக்கொள்ளலாம்.